கணக்குப் பரீட்சை அன்னைக்கு ஆத்தைத் தாண்டினது

அமுதா, அம்மாதான். போன ஞாயித்துக்கிழமை போன்ல நீ "அந்த ஊர்ல எவன் புள்ளைக்கும் நான் சொல்லிக் குடுக்க மாட்டேன், போனை வைம்மா"ன்னு கத்திட்டு நீயே வெச்சிட்டே. அதுக்கப்புறமும் நான் ரொம்ப நேரம் பேசிட்டுத்தான் இருந்தேன். எதுத்துப் பேச்சு வரலைன்னதும், பரவாயில்லையே, பொண்ணுக்குப் பொறுமை வந்திருச்சுன்னு சந்தோசமா இருந்துச்சு. பக்கத்துல உக்காந்து மீன் அறுத்துட்டிருந்த உங்க அஞ்சலை அத்தைதான் "அடியே, லைன் போயி எவ்ளோ நேரம் ஆச்சு, நீ யார்கிட்ட பேசிட்டிருக்கே"ன்னு கேட்டுச்சு. அதான் இப்ப எழுதுறேன். போன்னா வெச்சிடுவே. கடுதாசியைத் தூக்கிப் போட்டாலும் அது உன் ரூம்லயே கிடக்கும், கூட்டுறப்ப கையில மாட்டும். மூணாங் கிளாஸோட நின்னவ எழுதுறது, தப்பைத் திருத்த சிவப்புப் பேனாவை எடுக்காதே, டீச்சர் டிரெயினிங் முடியட்டும். வாய்விட்டுப் படி. ஹாஸ்டல்ல கூட இருக்குற பொண்ணுங்களும் கேக்கட்டும். அவுங்களுக்கும் புரியணும்னுதான் உனக்குத் தெரிஞ்சதையும் சேத்து எழுதுறேன்.

விசயம் இதுதான். நம்ம ஊர்த் தலைவர், உனக்குப் பெரியப்பா முறை, எனக்கு மாமா, நம்ம வீட்டு வாசலுக்கு வந்தார். இந்த வருசம் நம்ம குப்பத்துலேருந்து நாலஞ்சு பொண்ணுங்க பத்தாவது எழுதுதுங்க. அடிச்ச புயல்ல பள்ளிக்கூடத்து ஓடு பறந்து, கிளாஸே நடக்காம, கணக்குல எல்லாமே பின்னாடி நிக்குதுங்க. நீ சனி ஞாயிறுல சிதம்பரத்துலேருந்து பஸ் ஏறி வந்து கணக்குச் சொல்லிக் குடுக்கணும்னு ஊர் கேக்குது. சொல்லிக் குடுக்க ஆள் இல்லைன்னா அப்பன்மாருங்க பரீட்சை வரைக்கும் காத்திருக்க மாட்டாங்க, பொண்ணுங்களை நிறுத்தி இறால் கம்பெனி வேன்ல ஏத்திடுவாங்க. புயல்ல வலையும் படகும் போன வீடுங்க, கை வேணும்னுதான் பார்ப்பாங்க. ஒரு தடவை அந்த வேன்ல ஏறின பொண்ணு திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை. வர்ற வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டம். அதுக்குள்ள உன் பதில் வேணுமாம்.

நீ மாட்டேங்குறே. "உன்னை ஒதுக்கி வெச்ச ஊரும்மா அது"ங்குறே. உண்மைதான், நான் மறக்கலை. ஆனா உன் கணக்குப் பரீட்சை அன்னைக்கு நடந்ததுல பாதிதான் உனக்குத் தெரியும். மீதியை நான் சொல்லலை. சொல்லக் கூடாதுன்னு ஒருத்தருக்குக் குடுத்த வாக்கு. இப்ப அவுங்களே "சொல்லுடி"ன்னுட்டாங்க.

நம்ம குப்பம் எப்படிப்பட்ட இடம்னு உன் கூட இருக்குற பொண்ணுங்களுக்குத் தெரியாது. கிழக்கால கடல், மேற்கால உப்பனாறு, நடுவுல வேட்டி காயப் போட்ட மாதிரி நீளமா மணல். ஆத்துக்கு அந்தாண்ட கடலூர் முதுநகர். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ்ஸு எல்லாம் கண்ணுக்குத் தெரியும். அங்க பஸ்காரன் ஹாரன் அடிச்சா நம்ம வீட்டு நாய் குலைக்கும். ஆனா போய்ச் சேர ஓடம் வேணும். தெற்கால மணல்லயே நடந்து சுத்திக்கிட்டும் போகலாம், போய்ச் சேர்றதுக்குள்ள பள்ளிக்கூடத்துல மத்தியானச் சாப்பாட்டு மணி அடிச்சிரும். பிரசவ வலின்னாலும் சரி, பாம்பு கடிச்சாலும் சரி, அப்பல்லாம் காத்தவராயன் மாமாதான் ஓடத்தை எடுக்கணும். அவர்தான் அப்ப நம்ம ஓடக்காரர். அஞ்சலை அத்தையோட வீட்டுக்காரர். உங்களையெல்லாம் காலையில ஏத்திட்டுப் போயி சாயங்காலம் ஏத்திட்டு வருவார். வர்ற வழியில வாய்ப்பாடு கேப்பார். அவருக்குத் தெரியாது, நீங்க தப்பாச் சொன்னாலும் "சரி, அடுத்தது"ன்னுவார்.

சுனாமியில உங்க அப்பா போனதுக்கப்புறம் நம்ம கரைக்கு வராத ஆள் கிடையாது. எங்கெங்கேருந்தோ வேன் வேனா வந்தாங்க. கடலுக்குப் போறதுக்குப் படகு குடுத்தாங்க, குடுத்தாங்க, ஓட்டுற ஆளைவிடப் படகு ஜாஸ்தியா ஆயிடுச்சு. பொம்பளைங்களுக்குத் தையல் மிசின். நான் ஒரு அம்மாகிட்ட கேட்டேன், "ஆத்தைத் தாண்ட ஒரு நல்ல ஓடம், இல்லைன்னா ஒரு பாலம், அது குடுப்பீங்களா"ன்னு. அது பாவம், நல்ல மனசு, "அது எங்க திட்டத்துல வராதும்மா, உங்களுக்கு மெழுகுவர்த்தி செய்யக் கத்துக் குடுக்கவா"ன்னு கேட்டுச்சு. பாலத்துக்கு அடிக்கல்லு நட்டாங்க, அதோட சரி. அந்தக் கல்லு மேல இப்பவும் நெத்திலி காயப் போடுறோம், நல்லாக் காயுது.

வெளியூர்க்காரங்களை மட்டும் சொல்லிப் பிரயோசனமில்லை. நம்ம ஊர் வழக்கமும் ஒண்ணு இருக்கு. கல்யாணம் ஆன ஆம்பளை இருக்குற வீடுதான் ஒரு தலைக்கட்டு. ஊருக்கு எது வந்தாலும் தலைக்கட்டுக்குத்தான் பங்கு. ஊர்க்கூட்டத்துல பேசுறதும் தலைக்கட்டுதான். உங்க அப்பா போன அன்னைக்கே நம்ம வீடு கணக்குலேருந்து போயிடுச்சு. சுவரு இருந்துச்சு, கூரை இருந்துச்சு, உள்ள ரெண்டு பேர் சோறு தின்னோம், ஆனா ஊர்க்கணக்குல வீடு இல்லை. வலைக்கொட்டாயில கூட்டம் நடக்குறப்ப நான் வெளிய பூவரச மரத்தடியில நின்னு கேக்கலாம். உள்ள போவக் கூடாது.

இப்ப அந்தக் காலைக்கு வர்றேன். உனக்குக் கணக்குப் பரீட்சை. பத்தாவது வரைக்கும் வந்த முதல் பொண்ணு நீ. உனக்கு முன்னாடி வந்ததுங்க எல்லாம் எட்டாவதுல, ஏழாவதுல வேன் ஏறிடுச்சுங்க. நீ விடியறதுக்கு முன்னாடியே எழுந்து யூனிபாரம் போட்டுட்டு, ஹால் டிக்கெட்டை அட்டையில சொருகி சொருகி எடுத்துப் பார்த்துட்டிருந்தே. நான் "அதுல உன் போட்டோவைப் பார்த்துப் பயந்துட்டியா"ன்னு கேட்டேன். நீ முறைச்சே. அப்பத்தான் சங்கு ஊதுற சத்தம் கேட்டுச்சு.

காத்தவராயன் மாமா போயிட்டார். காலையில எழுந்து வாய் கொப்பளிச்சவர், அப்படியே நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு உக்காந்தவர்தான். நான் மீன் கூடையைப் போட்டுட்டு ஓடினேன். வழியில பார்த்தா ஆம்பளைங்க ஒவ்வொருத்தரா தோள்ல துடுப்பைத் தூக்கிட்டு மாரியம்மன் கோயிலுக்குப் போறாங்க. ஊர்ல ஒரு சாவு விழுந்தா, அடக்கம் முடியற வரைக்கும் தண்ணியில மரம், அதான் படகு, ஓடம் எதுவும், இறங்கக் கூடாது. துடுப்பெல்லாம் கோயில் வாசல்ல கிடக்கணும். செத்தவருக்கு ஊர் செய்ற மரியாதை. உங்க அப்பா உட்பட அத்தனை பேர் போன அந்த நாள்லயும் மிச்சம் இருந்தவங்க துடுப்பைக் கோயில்ல கொண்டுபோய் வெச்சதை என் கண்ணால பார்த்தேன். அந்த வழக்கத்தை இளப்பமாப் பேச எனக்கு வாய் வராது. ஆனா பரீட்சை பத்து மணிக்கு.

வலைக்கொட்டாய் வாசல்ல போய் நின்னேன். உள்ள அடக்கத்துக்கு ஏற்பாடு பேசிட்டிருந்தாங்க.

"மாமா, ஒரு பேச்சு"ன்னேன்.

"சாவு விழுந்த ஊர்ல என்ன பேச்சு? அப்புறம் வா."

"அப்புறம் வந்தா ஆவாது மாமா. அமுதாவுக்கு இன்னைக்குக் கணக்குப் பரீட்சை. ஒரே ஒரு நடை அக்கரைக்கு வுடச் சொல்லுங்க."

ஒருத்தர் உள்ளேருந்து, "அந்த ஊட்டுல பேச ஆம்பளை இல்லையா, பொம்பளைய அனுப்பி இருக்காங்க"ன்னார். அவருக்கு எங்க வீட்டு ஆம்பளை எங்க இருக்கார்னு தெரியும். கூடவே ஒண்ணா கடலுக்குப் போனவர்தான். யார்னு பேரு எழுத மாட்டேன், இப்ப நல்லாப் பேசுறார். எப்பவும்னா நான் ஏதாவது சொல்லி அவர் வாயை அடைச்சிருப்பேன். அன்னைக்கு நான் தலைவரை மட்டும்தான் பார்த்துட்டு நின்னேன். தலைவர்தான் எழுந்து வாசலுக்கு வந்தார். "இந்தா பாரு. பரீட்சை அடுத்த வருசமும் வரும். காத்தவராயன் வருவானா? உனக்காக ஒரு நடை வுட்டா, நாளைக்கு இன்னொருத்தன் மீனுக்காக ஒரு நடை கேப்பான். அப்புறம் என்ன கட்டுப்பாடு இருக்கும்?"

"அவர் உசுரோட இருந்தா இந்நேரம் அவரே ஏத்திட்டுப் போயிருப்பார் மாமா."

பதில் இல்லாதவங்க குரலை உசத்துவாங்க. "போ"ன்னார்.

ஆத்தங்கரைக்கு ஓடி அக்கரையைப் பார்த்துக் கத்தினேன், துணியை வீசிக் காட்டினேன். முதுநகர்த் துறையில இருக்குறவங்களுக்கும் சங்கு கேட்டிருக்கும். நம்ம கரையில மரம் ஏறிட்டதைப் பார்த்துட்டு அவுங்களும் நம்ம பக்கம் வர மாட்டாங்க, அதுவும் மரியாதைதான். நீ துறையில நின்னுட்டிருந்தே. அட்டையை நெஞ்சோட அணைச்சிக்கிட்டு, அழுவக் கூடாதுன்னு உதட்டைக் கடிச்சிட்டு. "அம்மா, மணி ஆவுது"ன்னே. "இரு, வர்றேன்"னு சொல்லிட்டு நான் எங்க போனேன்னு உனக்குத் தெரியாது. இது வரைக்கும் உனக்குத் தெரிஞ்ச கதை. இனிமே தெரியாதது.

நான் சாவு வீட்டுக்குப் போனேன். வேற எங்கயும் போக இடமில்லாமத்தான் போனேன். கேக்கணும்னு நினைச்சுப் போகலை. ஒருத்தி புருசனைக் கிடத்தி வெச்சிருக்குறப்ப அவகிட்ட என்ன கேக்க முடியும்? உள்ள பொம்பளைங்க சுத்தி உக்காந்து ஒப்பாரி வெச்சிட்டிருந்தாங்க. நானும் ஓரமா உக்காந்தேன். என் வாய் சும்மா இருந்த நாள் அதுதான். அஞ்சலை அத்தை தலையைத் தூக்கி என்னைப் பார்த்துச்சு. முகமெல்லாம் வீங்கி, தலை கலைஞ்சு. அந்த நிலையிலயும் அது கேட்ட முதல் கேள்வி, "பொண்ணு போயிட்டாளா"ங்குறதுதான். தினமும் உங்களுக்காக மாமாவைத் தட்டி எழுப்பி அனுப்பின மனுசியில்ல, அந்தப் பழக்கம்.

"இல்லைண்ணி"ன்னேன்.

"ஏன், இன்னைக்குக் கணக்கு இல்ல?"

அது என்னைப் பார்த்துச்சு, அப்புறம் மாமாவைப் பார்த்துச்சு. அதுக்குப் புரிஞ்சிடுச்சு. எழுந்திருச்சு. புருசன் பொணத்துக்கிட்டேருந்து பொண்டாட்டி எழுந்து போறதுங்குறது நம்ம பக்கம் நடக்காத காரியம். எடுக்குற வரைக்கும் இடத்தை விட்டு அசையக் கூடாது. சுத்தி இருந்தவங்க கையைப் புடிச்சாங்க. உதறிட்டு அது நேரா கூரை எறவாணத்துக்குப் போச்சு. அங்கதான் மாமாவோட ஓடக்கோல் சொருகி இருந்துச்சு. ஊர்த் துடுப்பையெல்லாம் எடுத்துட்டுப் போனவங்க, செத்தவர் வீட்டுல கை வைக்கக் கூடாதுன்னு இதை மட்டும் வுட்டுட்டாங்க. அதை உருவி என் கையில குடுத்துச்சு.

"கட்டுப்பாடு என் ஊட்டு மனுசனுக்குத்தானே? என் ஊட்டு மனுசன் சொல்றதா நினைச்சுக்கோ. போ."

"எனக்கு ஓட்டத் தெரியாதே அண்ணி."

"அவருக்கும் பொறக்குறப்பத் தெரியாது."

அந்த நேரத்துல எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சாவு வீட்டுல வாயைப் பொத்திக்கிட்டு நின்னேன், பார்த்தவங்க அழுவுறதா நினைச்சிருப்பாங்க. அழுகையும்தான் வந்துச்சு. "நான் எழுந்தேன்னு யார்கிட்டயும் சொல்லாதே, உன் பொண்ணுகிட்டயும் சொல்லாதே, என்னை ஊர் பேசும்"னு சொல்லிட்டு அது திரும்பிப் போய் அதே இடத்துல உக்காந்துச்சு. அமுதா, இதை நல்லாக் கேளு. அந்த வீட்டுல உக்காந்திருந்த பொம்பளைங்க அத்தனை பேரும் பார்த்தாங்க. வாசல்ல ஆம்பளைங்க பந்தல் போட்டுட்டிருந்தாங்க. நான் கோலோட பின்பக்கம் போறப்ப ஓலை சரசரன்னுச்சு. உடனே உள்ள ஒருத்தி ஒப்பாரியை உசத்தினா. அடுத்தவ அவளுக்கு மேல உசத்தினா. ஊரே நடுங்குற மாதிரி அத்தனை பேரும் சேந்து குரல் எடுத்தாங்க. அந்தச் சத்தத்துக்குள்ளதான் நான் வேலியைத் தாண்டினேன். அன்னையிலேருந்து இன்னைக்கு வரைக்கும் அதுல ஒருத்தி கூட அவளவ புருசன்கிட்ட வாயைத் தொறக்கலை.

மீதி நீயும் இருந்த கதைதான். "ஏதும்மா கோல்"னு கேட்டே, "திருடினேன்டி, ஏறு"ன்னேன். ஓடத்தை நாம ரெண்டு பேரும் தள்ளினப்ப கரையில ஆளுங்க ஓடி வந்தாங்க. "ஏய், கோலைக் கீழ போடு"ன்னு சத்தம். முன்னாடி வந்தது தலைவர். அவர் கோலைப் பார்த்தார். அது யார் கோல்னு அவருக்கு நல்லாத் தெரியும், அடிப்பக்கம் மாமா சுத்தின தாமிரக் கம்பி. என்னைப் பார்த்தார். அப்புறம் தோள் துண்டை உதறிப் போட்டுக்கிட்டு, ஆத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்னுட்டார். தலைவர் திரும்பி நிக்கிறப்ப மத்தவங்க எப்படி தண்ணியில இறங்கறது? அப்படியே நின்னுட்டாங்க. நீ அதைப் பார்க்கலை, நீ முன்பக்கம் உக்காந்து அக்கரையைப் பார்த்துட்டிருந்தே. முதுகைக் காட்டினதால அவரை நல்லவர்னு நான் சொல்ல வரலை. நல்லவர்னா முகத்தைக் காட்டி "போ"ன்னு சொல்லி இருக்கணும். நடந்ததைச் சொல்றேன், அவ்வளவுதான்.

தண்ணி கடலுக்கு இறங்குற நேரம். ஓடம் ரெண்டு சுத்து சுத்துச்சு. நடு ஆத்துல கோல் தரை தட்டலை. மாமா எப்படி எந்த இடத்துல போவார்னு தினமும் பார்த்திருக்கேன், ஆனா பார்க்குறது வேற, பண்றது வேற. ஓடம் முகத்துவாரத்துப் பக்கம் இழுக்குது. அலை ஒடையற வெள்ளை தெரியுது. "அம்மா, கடலுக்குப் போறோம்"னே. "பயப்படாதே, இந்த வருசம் சென்டரை அங்கதான் போட்டிருக்காங்க"ன்னேன். எனக்கும் அந்தக் கடலுக்கும் ஒரு கணக்கு இருக்கு, அது உங்க அப்பாவை வெச்சிருக்கு. உன்னையும் கொண்டுபோய் அது கையிலயே குடுக்கப் போறேனான்னு ஒரு நிமிசம் நினைச்சேன். அப்பத்தான் நீ ஹால் டிக்கெட்டை உருவி வாயில கவ்விக்கிட்டு, பரீட்சை அட்டையைத் துடுப்பாப் போட ஆரம்பிச்சே. எந்தப் பாடத்துல அதைச் சொல்லிக் குடுத்தாங்கன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது. நீ ஒரு பக்கம், நான் கோலைக் குறுக்கப் புடிச்சி ஒரு பக்கம். முதுநகர்த் துறையில கட்டியிருந்த விசைப்படகு மேல போய் மோதினோம். மீன் ஏலத்துக்கு வந்திருந்த லால்பேட்டை பாய் ஒருத்தர் கயித்தை வீசினார்.

"என்னம்மா இது, ரெண்டு பொம்பளைங்க கடலுக்கா கிளம்பிட்டீங்க?"

"பாப்பாவுக்குப் பரீட்சை பாய்."

"யா அல்லா. ஏறும்மா வண்டியில."

மீன் பெட்டியைக் கீழ இறக்கி வெச்சிட்டு அவர் வண்டியில உன்னை ஏத்திட்டுப் போனார். உன் யூனிபாரமெல்லாம் ஈரம், கையில சொட்டச் சொட்ட அட்டை. நீ திரும்பிப் பார்க்கலை, நல்லதுன்னு நினைச்சேன். நான் அந்தத் துறையிலயே நின்னேன். மத்தியானம் நம்ம கரையில மாமாவைத் தூக்கிட்டுப் போறது தெரிஞ்சுது. மேளச் சத்தம் தண்ணி மேல வந்துச்சு. உங்களை எல்லாம் அத்தனை வருசம் சுமந்தவர், அவரை வாசல்ல நின்னு வழியனுப்ப எனக்குக் குடுத்து வெக்கலை. அக்கரையில நின்னு கையெடுத்துக் கும்பிட்டேன்.

அப்புறம் கூட்டம் போட்டாங்க. என்னோட யாரும் பேசக் கூடாது, நம்ம கரை ஏலத்துல எனக்கு மீன் தரக் கூடாது. மீனுக்கு நான் கவலைப்படலை, முதுநகர்ல வாங்கி நெல்லிக்குப்பத்துக்குக் கொண்டுபோனேன். பேசக் கூடாதுன்னதுதான் கொன்னுச்சு. என்னைப் போல வாயாடிக்கு அதைவிடத் தண்டனை எவன் யோசிப்பான்? நெல்லிக்குப்பத்துல சர்க்கரை ஆலை ஆளுங்க, "என்னம்மா, மத்திக்கு இவ்ளோ கதையா"ன்னு கேப்பாங்க. "ஊர்ல பேச வேண்டியதையும் சேத்து இங்க பேசுறேன், வாங்கிக்குங்க"ன்னுவேன். உன்னைச் சிதம்பரத்துல சித்தி வீட்டுக்கு அனுப்பினது அதுக்குத்தான். நீ ரிசல்ட் வந்து குதிச்சதை நான் ஒருத்தர்கிட்டயும் சொல்ல முடியலை. பூனைகிட்ட சொன்னேன். அதுவும் ஊர்க் கட்டுப்பாட்டுக்குப் பயந்ததோ என்னமோ, எழுந்து போயிடுச்சு.

எப்படி முடிஞ்சுதுன்னு உனக்குச் சொன்னதில்லை. "தானா முடிஞ்சிடுச்சு"ன்னு சொல்லி இருந்தேன். தானா எதுவும் முடியாது. துக்கம் கழிஞ்சு, பள்ளிக்கூடம் தொறக்குறதுக்கு முந்தின நாள் அஞ்சலை அத்தை தெரு நடுவுல வந்து நின்னு, பட்டப்பகல்ல, வலை பிரிச்சிட்டிருந்த அத்தனை ஆம்பளைங்களுக்கும் கேக்குற மாதிரி, "அடியே, உப்பு இருக்கா"ன்னு கத்துச்சு. நான் கதவோரம் நின்னேன். பதில் சொன்னா அதுக்கும் தண்டனை வரும். "காது கேக்கலையா, உப்பு இருக்கான்னு கேட்டேன்." நான் உப்பை எடுத்துட்டுப் போய்க் குடுத்தேன். அடுத்த வீட்டுக்காரி வந்து மிளகாய் கேட்டா. அதுக்கடுத்தவ சும்மாவே வந்து உக்காந்தா. தலைவர் பார்த்துட்டு எழுந்து போனார், அதுக்காகக் கூட்டம் எதுவும் போடலை. மறுநாள் காலையில அதே கோலை எடுத்துட்டு அத்தை ஓடத்துல ஏறிச்சு. பொம்பளை ஓட்டுற ஓடத்துல புள்ளைங்களை ஏத்த மாட்டோம்னு சொன்னவங்களும், வேற ஓடம் இல்லாததால ஏத்தினாங்க. இப்ப அது மாமாவைவிட நேராப் போவுது. ஆனா வாய்ப்பாடு தப்பாச் சொன்னா தலையில கொட்டுது.

இப்பச் சொல்லு, ஊர் யாரு? வலைக்கொட்டாய்க்குள்ள உக்காந்தவங்க மட்டுமா? இன்னைக்குக் கணக்குல முட்டிக்கிட்டு நிக்குதே இந்தப் பொண்ணுங்க, அதுங்க அம்மாமாருங்கதான் அன்னைக்கு அந்த வீட்டுல ஒப்பாரியை உசத்தினது. அவுங்களை யாரும் உசத்தச் சொல்லலை. பாதிப் பேர் அஞ்சாவது தாண்டாதவங்க. உன்னை அக்கரை சேத்தா அவுங்களுக்கு என்ன கிடைச்சிடும்? ஆனா உசத்தினாங்க. நீ கோவத்தை வுடணும்னு நான் சொல்லலை. கோவம் இருக்கட்டும், சோத்துல உப்பு மாதிரி. ஆனா அதை யார் தட்டுல கொட்டுறோம்னு பார்த்துக் கொட்டு. இன்னொண்ணும் சொல்லணும். போன ஐப்பசியில தலைவர் வீட்டுலயே ஒரு சாவு. துடுப்பெல்லாம் கோயிலுக்குப் போச்சு. பள்ளிக்கூட நாள். புள்ளைங்க துறைக்கு வந்து பார்த்தா, ஓடம் தண்ணியிலயே இருக்கு, பக்கத்துல கோல் மணல்ல நட்டு நிக்குது. யார் நட்டாங்கன்னு யாரும் கேக்கலை. மொட்டை அடிச்ச தலையோட தலைவர் துறையிலேருந்து திரும்பி நடந்து வந்ததை நான் பார்த்தேன்.

இந்தத் தடவை நம்ம வாசலுக்கு வந்து அவர் உன் பதிலைக் கேட்டப்ப, நான் சும்மா இருப்பேனா? "என்ன மாமா, தலைக்கட்டு இல்லாத வீட்டுல வந்து பதில் கேக்குறீங்க? ஊர்க்கணக்குல இங்க வீடே கிடையாதே, நீங்க யார் வாசல்ல நிக்கிறீங்க"ன்னேன். அவர் செருப்பையே பார்த்துட்டு நின்னார். வெக்கம்தான்னு நினைச்சேன். அப்புறம், "வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வா. உள்ள வந்து உக்காந்து சொல்லு"ன்னார்.

"உள்ளயா?"

"காது கேக்கலையா, உள்ளன்னுதான் சொன்னேன்."

"அஞ்சலை அண்ணியும் வரும்."

"வரட்டும்"னு சொல்லிட்டு வேகமா நடந்துட்டார், நான் இன்னும் யார் யாரைச் சேப்பேனோன்னு.

அதனால வெள்ளிக்கிழமை நான் வலைக்கொட்டாய்க்குள்ள உக்காரப் போறேன். நல்ல புடவை ஒண்ணை எடுத்து வெச்சிருக்கேன், கொஞ்சம் கருவாட்டு வாசம் அடிக்குது, பரவாயில்லை, அங்க எல்லாருக்கும் அதே வாசம்தான். அங்க உக்காந்து நான் முதன்முதல்ல பேசப் போற பேச்சு உன் பதில். நீ வர்றேன்னா வர்றான்னு சொல்லுவேன். மாட்டேன்னா, அதையும் அதே இடத்துல உக்காந்து, அதே சத்தத்துல, என் பொண்ணு வரமாட்டாளாம்னு சொல்லுவேன். உன்னை நான் விட்டுக் குடுக்க மாட்டேன். ஆனா சொல்லிட்டு வெளிய வந்து அந்த அம்மாமாருங்க முகத்தை நான்தான் பார்க்கணும், அதை மட்டும் ஞாபகத்துல வெச்சுக்கோ.

அந்தப் பொண்ணுங்கள்ல தலைவரோட பேத்தியும் ஒண்ணு. நேத்து வந்து நம்ம வீட்டுச் சுவத்துல மாட்டியிருக்குற உன் பரீட்சை அட்டையைக் கேட்டுச்சு. தண்ணியில ஊறி வளைஞ்சு, ஒரு பக்கம் உரிஞ்சு, எழுதவே லாயக்கில்லாத அட்டை. "அமுதா அக்கா அதாலதான் ஆத்தைத் தாண்டிச்சாமே, நான் அதை வெச்சு எழுதுறேன் சின்ன ஆயா"ன்னுச்சு. எனக்குக் குடுக்க மனசு இல்லை, இல்லைன்னு சொல்லவும் மனசு இல்லை. "அது எங்க பொண்ணோடது, அவ வந்தா அவகிட்டயே கேளு"ன்னு சொல்லி அனுப்பிட்டேன். சனிக்கிழமை வந்து கேக்குறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கு.

அதுகிட்ட நான் சனிக்கிழமைன்னு சொல்லலை. அதுவாத்தான் சொல்லிக்கிச்சு.

உன் அம்மா